கணினி வந்தது, நேரம் வரவில்லை

குஜராத் மாநிலம் வதோதராவில் 100 மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்கு 2000-ஆம் ஆண்டில் மாநில அரசு தலா நான்கு கணினிகளை வழங்கியது. இரண்டு ஆண்டுகள் கழித்து "பிரதம்" தன்னார்வ நிறுவனத்தினர் அப்பள்ளிகளைப் பார்வையிட்டபோது, மிகச் சிலவற்றில் மட்டுமே அக்கணினிகள் பாடம் நடத்தப் பயன்பட்டுக் கொண்டிருந்தன. இயக்கத் தெரிந்தவர் இல்லாததால் மற்றவை வந்த பெட்டியிலேயே கிடந்தன. அந்தப் பெட்டிகளைப் பிரித்த பிறகு நடந்தவை, வகுப்பறைத் தொழில்நுட்பம் குறித்து இந்தியாவில் நடைபெறும் விவாதத்தில் இன்றளவும் மேற்கோள் காட்டப்படுகின்றன.

4-ஆம் வகுப்பு மாணவர்களை ஒரு கணினிக்கு இருவராக அமரவைத்து, வாரத்தில் இரண்டு மணி நேரம் கணக்கு விளையாட்டுகளில் ஈடுபடுத்தினர். ஒரு மணி நேரம் பள்ளி வேளையில். மற்றொரு மணி நேரம் பள்ளி தொடங்கும் முன்போ, முடிந்த பின்போ. குழந்தையின் திறனுக்கேற்பக் கணக்கின் கடினம் கூடும் அல்லது குறையும். கணித மதிப்பெண்கள் குறிப்பிடத்தக்க அளவில் உயர்ந்தன. மொழிப் பாடத்தில் மாற்றமில்லை. திட்டம் நின்று ஓராண்டு ஆனதும் கணிதத்தில் பெற்றதிலும் பெரும்பகுதி கரைந்துபோனது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்ட நால்வர் 2007-இல் வெளியிட்ட ஆய்வின் முடிவுகள் இவை. பானர்ஜியும் டூஃப்லோவும் பின்னர் 2019-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

அந்த நால்வரில் ஒருவரான லீ லிண்டன் 2008-இல் தனியே வெளியிட்ட மற்றொரு குஜராத் ஆய்வு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. பேசப்பட்டிருக்க வேண்டிய ஆய்வு அது.

ஒரே மென்பொருள், இரு முடிவுகள்: "கியான் சாலா" என்ற தன்னார்வ அமைப்பு குறைந்த செலவில் நடத்திவந்த பள்ளிகளில், 2 மற்றும் 3-ஆம் வகுப்பு மாணவர்களுக்குக் கணித மென்பொருள் இரண்டு விதமாக அளிக்கப்பட்டது. ஒரு பிரிவினர் வழக்கமான வகுப்பு நேரத்தின் ஒரு பகுதியை விட்டுவிட்டுக் கணினி முன் அமர்ந்தனர். மற்றொரு பிரிவினர் வகுப்பு முழுவதையும் கேட்டுவிட்டு, பள்ளி நேரத்துக்கு வெளியே கணினியில் பயின்றனர். வகுப்பை விட்டுச் சென்ற பிரிவினர், கணினியே பார்க்காத மாணவர்களைவிட வெகுவாகப் பின்தங்கினர். வகுப்போடு சேர்த்துக் கணினியில் பயின்றவர்கள் முன்னேறினர். அவர்களிலும் பின்தங்கிய நிலையில் இருந்த மாணவர்களே அதிகப் பயன் பெற்றனர்.

இதில் புதிர் எதுவுமில்லை. அந்தப் பள்ளிகளில் பாடத்திட்டமும் பாடக்குறிப்பும் முறையாகத் தயாரிக்கப்பட்டிருந்தன. ஆசிரியர் உருப்படியாகப் பாடம் நடத்திக் கொண்டிருந்தார். அந்த நேரத்தைப் பறித்து இயந்திரத்திடம் கொடுத்ததால் ஏற்பட்டது இழப்பு. எந்த மென்பொருள் சிறந்தது என்ற கேள்வியைவிட, அது எந்த வேலையின் இடத்தில் வந்து அமர்கிறது என்ற கேள்வியே முடிவைத் தீர்மானிக்கிறது. கருவி கொள்முதல் செய்யும் அதிகாரிகளின் கோப்புகளில் இந்தக் கேள்வி இடம்பெறுவது அரிது.

மூன்றாவது சான்று தலைநகரிலேயே கிடைத்தது. தில்லி அரசுப் பள்ளிகளின் நடுநிலை வகுப்பு மாணவர்கள் 619 பேரைக் கொண்டு, கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கானிமியன் ஆகியோர் 2015-16 கல்வியாண்டில் நடத்திய ஆய்வு அது. பள்ளி முடிந்த பிறகு தனி மையத்தில் 90 நிமிடங்கள். அதில் 45 நிமிடங்கள் மென்பொருள், 45 நிமிடங்கள் சிறு குழுவாக ஆசிரியர் முன்னிலையில். நாலரை மாதங்களில் கணிதம், ஹிந்தி இரண்டிலும் நல்ல முன்னேற்றம் காணப்பட்டது.

ஆயினும் முன்னேற்றத்தைவிட முக்கியமானது, அந்த மென்பொருள் வழியே தெரியவந்த உண்மை. 6-ஆம் வகுப்பில் அமர்ந்திருந்த மாணவர் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார். மேல் வகுப்புக்குச் செல்லச் செல்ல இடைவெளி விரிந்தது. ஒரே வகுப்பறையில் ஐந்தாறு வகுப்புகளின் தரம் கலந்து கிடந்தது. ஆசிரியரோ பாடநூலின் அன்றைய பக்கத்தை நடத்திக் கொண்டிருந்தார். வேறென்ன செய்ய இயலும்? இன்னொன்றும் தெரிந்தது. மையத்தில் கணிதம் கற்ற மாணவர்களின் முன்னேற்றம், அவர்களின் பள்ளிக் கணிதத் தேர்வில் குறிப்பிடும்படி வெளிப்படவில்லை. 3-ஆம் வகுப்புத் தரத்திலிருந்து 4-ஆம் வகுப்புத் தரத்துக்கு ஏறிய குழந்தையிடம் 7-ஆம் வகுப்பு வினாத்தாளைக் கொடுத்தால், அந்த ஏற்றம் எப்படித் தெரியும்?

சதவீதத்தில் அடங்காத கலப்பு: "கலப்புக் கற்றல்" என்ற தொடர் அரசு ஆவணங்களில் வழக்கத்துக்கு வந்தது கரோனா காலத்தில்தான். 2020 ஜூலையில் வெளியான தேசியக் கல்விக் கொள்கை, நேருக்கு நேர் கற்றலின் முக்கியத்துவத்தை ஏற்றுக்கொண்டு, பாடத்துக்கேற்ற கலப்பு முறைகள் கண்டறியப்படும் என்றது. பல்கலைக்கழக மானியக் குழு 2021 மே மாதத்தில் வெளியிட்ட கருத்துக் குறிப்பு, உயர்கல்வியில் ஒரு பாடத்தின் 40 சதவீதம் வரை இணையவழியில் நடத்தலாம் என்று யோசனை கூறியது. நாற்பதும் அறுபதும் கால அட்டவணை போடுபவருக்குப் பயன்படும் எண்கள். வகுப்பறைக்குள் நுழையும் ஆசிரியருக்கு அவற்றால் ஒரு வழியும் தெரியாது.

நாற்பது மாணவர்கள் கொண்ட ஓர் 6-ஆம் வகுப்பை எடுத்துக்கொள்ளலாம். பாடம் பின்னம். அறையில் ஒரு பெரிய திரை; எட்டு கையடக்கக் கணினிகள். பின்னம் பற்றிய விடியோவைத் திரையில் ஓடவிட்டு ஆசிரியர் ஓரமாக நிற்பது ஒரு முறை. பெரும்பாலான "ஸ்மார்ட்" வகுப்புகள் இந்த முறையில்தான் நடைபெறுகின்றன. கரும்பலகையின் இடத்தில் திரை வந்திருக்கிறது என்பதைத் தவிர இதில் மாற்றம் ஏதுமில்லை.

மற்றொரு முறை முந்தைய நாளிலேயே தொடங்குகிறது. கால் பங்கு பெரிதா, எட்டில் ஒரு பங்கு பெரிதா என்று கேட்டு, விடையையும் காரணத்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதித் தருமாறு ஆசிரியர் சொல்கிறார். மாலையில் அந்தத் தாள்களைப் பிரித்து அடுக்குகிறார். நான்கைவிட எட்டு பெரிது என்பதால் எட்டில் ஒரு பங்கே பெரிது என்று எழுதியவர்கள் ஓர் அடுக்கு. சரியாக எழுதிவிட்டுக் காரணம் சொல்லத் தெரியாதவர்கள் மற்றோர் அடுக்கு. வகுத்தலே வராதவர்கள் இன்னோர் அடுக்கு. பிறகு விடியோவை முழுமையாகப் பார்த்து, எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பது என்று குறித்துக் கொள்கிறார். மறுநாள் திரையில் நான்கு நிமிடங்கள் போதும். அதன்பின் பதினாறு பேர் இருவர் இருவராகக் கையடக்கக் கணினிகளில் பயிற்சிக் கணக்குகளைச் செய்கின்றனர். பன்னிரண்டு பேர் காகிதத்தை மடித்தும் கிழித்தும் பங்குகளை ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். எஞ்சிய பன்னிரண்டு பேருடன் ஆசிரியர் தரையில் அமர்கிறார். அடுத்த நாள் குழுக்கள் மாறும்.

நூறு கணக்குகளைச் சலிக்காமல் திருத்துவதும், தவறை அந்த நொடியே சொல்வதும் இயந்திரத்தால் ஆகும். எட்டு பெரிய எண்தானே என்று வாதிடும் குழந்தையிடம், ஒரு ரொட்டியை நான்கு பேர் பங்கிடுவதையும் எட்டுப் பேர் பங்கிடுவதையும் காட்டி, அதன் முகத்தைப் பார்த்தபடி அடுத்த கேள்வியைக் கேட்க ஆசிரியரால்தான் ஆகும். இந்த வேலைப் பங்கீடே கலப்பு முறைப் பாடத்தின் வடிவமைப்பு. மின்சாரம் தடைபட்டால் என்ன செய்வது என்பதும் பாடக்குறிப்பில் இருக்க வேண்டும். வீட்டுப்பாடம் கைப்பேசி இல்லாத குழந்தையும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். நாற்பது நிமிடப் பாடம் ஒன்றுக்கு மாலை வேளையில் இரண்டு மணி நேரமாவது தேவைப்படும்.

மகாராஷ்டிர மாநிலம் சோலாப்பூர் மாவட்டம் பரிதேவாடியில் ஜில்லா பரிஷத் பள்ளி ஆசிரியராக இருந்த ரஞ்சித்சிங் திசலே, 2020-இல் உலக ஆசிரியர் விருதைப் பெற்றது இத்தகைய உழைப்புக்குத்தான். மாணவர்களின் தாய்மொழியில் பாடநூல் இல்லை என்பதைக் கண்டு, பாடங்களை மொழிபெயர்த்து, ஒலிப்பதிவுகளையும் விடியோக்களையும் கியூ.ஆர். குறியீடு வழியாகப் பாடநூலுடன் இணைத்தார். தன் முன் அமர்ந்திருந்த குழந்தைகளின் குறை எது என்று அறிந்து செய்த வேலை அது. கியூ.ஆர். குறியீடு பின்னர் நாடெங்கும் பாடநூல்களில் பரவியது. தமிழகத்தில் 2018-இல் வெளியான புதிய பாடநூல்களிலும் அது இடம்பெற்றது. குறியீட்டை அச்சிடுவது எளிது. அதன் பின்னால் உள்ள விடியோ தன் வகுப்புக்குப் பொருந்துமா என்று ஒவ்வோர் ஆசிரியரும் பார்த்துத் தேர்வதற்கான ஏற்பாட்டை அச்சிட முடியாது.

அரை நூற்றாண்டுக்கு முன்பே: இவ்வளவும் தில்லிக்குப் புதிய செய்தி என்று சொல்ல இயலாது. 1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்காவின் "நாசா" அளித்த ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பப்பட்டன. "சைட்" எனப்பட்ட அச்சோதனையில் பலரும் மறந்துவிட்ட ஒரு பகுதி உண்டு. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 12 நாள் அறிவியல் பயிற்சி இரண்டு கட்டங்களாக அளிக்கப்பட்டது. தொலைக்காட்சியுடன் வானொலி, அச்சிட்ட கையேடு, பயிற்சி மையத்தில் நேரில் வழிநடத்தும் மூத்த ஆசிரியர், கையால் செய்து பார்க்கும் சோதனைகள் ஆகிய அனைத்தும் அதில் சேர்ந்திருந்தன. ஏறத்தாழ 48,000 ஆசிரியர்கள் பயன் பெற்றனர். கலப்புக் கற்றல் என்ற பெயர் பிறக்கும் முன்பே, அதை இந்தியா பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறது.

பின்னர் வந்த திட்டங்களில் இந்தக் கவனம் குறைந்துகொண்டே வந்தது. 1984-85-இல் "கிளாஸ்" திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு பிரிட்டனிலிருந்து வந்த பி.பி.சி. மைக்ரோ கணினிகள் வழங்கப்பட்டன. 2004 செப்டம்பர் 20-ஆம் தேதி கல்விக்கென்றே "எஜுசாட்" செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. உலகமே திரும்பிப் பார்த்த முயற்சி. ஆனால் தரையில் இணைப்புகள் தாமதமானதையும், போதிய பாடப்பொருள் தயாரிக்கப்படாததையும் தலைமைத் தணிக்கையாளர் 2013-இல் சுட்டிக்காட்டியபோது, செயற்கைக்கோளின் ஆயுளே முடிந்துவிட்டிருந்தது. 2011 அக்டோபரில் கல்லூரி மாணவர்களுக்கென அறிமுகமான "ஆகாஷ்" கையடக்கக் கணினி, விலை குறைவு என்ற ஒரே பெருமையுடன் வந்து மறைந்தது.

கேரளம் சற்று வேறு பாதையில் சென்றது. அங்கு 2001-இல் தொடங்கிய "ஐடி அட் ஸ்கூல்" திட்டம் பணியில் இருந்த ஆசிரியர்களையே பயிற்றுநர்களாக்கியது. உரிமக் கட்டணமில்லாத கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்ததால், ஆசிரியர்கள் அதைத் தங்கள் பாடத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளவும் முடிந்தது. 2018-இல் 45,000 வகுப்பறைகளை நவீனப்படுத்தும் பணி தொடங்கியபோது, கருவியை எப்படிக் கையாள்வது என்று தெரிந்த ஒரு தலைமுறை ஆசிரியர்கள் அங்கே இருந்தனர். பிற மாநிலங்கள் கருவிப் பட்டியலை நகலெடுத்த அளவுக்கு இந்த வரிசை முறையை நகலெடுக்கவில்லை.

மரத்தில் கட்டிய ஒலிபெருக்கி: 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது நாட்டின் பள்ளிகளில் நான்கில் ஒன்றில்கூட இணைய வசதி இல்லை. அந்த ஆண்டின் "ஏசர்" ஊரக ஆய்வில், பள்ளிக் குழந்தைகளில் 61.8 சதவீதத்தினர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது தெரியவந்தது. ஆனால் ஆய்வு நடந்த வாரத்தில் பள்ளியிலிருந்து ஏதேனும் பாடப்பொருள் கிடைத்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினரே. கருவி இருந்தும் பாடம் வந்து சேரவில்லை.

ஜார்க்கண்ட் மாநிலம் தும்கா மாவட்டத்தில் ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் மரங்களில் ஒலிபெருக்கிகளைக் கட்டிக் கிராமம் முழுவதும் கேட்கும்படி பாடம் நடத்தினர். அதே மாவட்டத்தின் மற்றொரு கிராமத்தில் வீட்டு மண்சுவர்களில் கரும்பலகைகள் வரையப்பட்டு, குழந்தைகள் இடைவெளிவிட்டுத் தத்தம் பலகை முன் அமர்ந்தனர். எந்தத் திட்ட ஆவணத்திலும் இல்லாத தொழில்நுட்பம் இது. யாரிடம் என்ன இருக்கிறது, யாரிடம் இல்லை என்று தெரிந்தவர்கள் வடிவமைத்தது என்பதால் பலன் தந்தது. அதே காலத்தில் தில்லியில், ஏழை மாணவர்களுக்கு இணையவழிக் கல்விக்கான கருவிகளை வழங்க வேண்டும் என்று 2020 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, 2021 பிப்ரவரியில் உச்சநீதிமன்றத்தால் நிறுத்திவைக்கப்பட்டது.

சட்டம் தந்த நேரம்: கரோனாவுக்குப் பிந்தைய ஆண்டுகளில் கருவிகள் வேகமாகப் பெருகியிருக்கின்றன என்பதை மறுக்க இயலாது. மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024-25 புள்ளிவிவரப்படி 64.7 சதவீதப் பள்ளிகளில் கணினியும், 63.5 சதவீதப் பள்ளிகளில் இணைய வசதியும் உள்ளன. "சமக்ர சிக்ஷா" திட்ட விதிமுறைகள் ஒரு பள்ளியின் கணினி ஆய்வகத்துக்கு ரூ.6.40 லட்சமும், ஒரு ஸ்மார்ட் வகுப்பறைக்கு ரூ.2.40 லட்சமும் அனுமதிக்கின்றன. ஸ்மார்ட் வகுப்பறையின் ஆண்டுச் செலவுக்கு ரூ.38,000. தமிழகத்துக்கு 2024-25-இல் ரூ.2,152 கோடி விடுவிக்கப்படாமல் சர்ச்சைக்குள்ளான அதே திட்டம்தான் இது. கருவி, மின் பாடப்பொருள், மின்சாரம் ஆகியவற்றுக்கெல்லாம் செலவுத் தலைப்பு உண்டு. வகுப்பாசிரியர் பாடத்தைத் தயாரிக்கும் நேரத்துக்கு அப்படி ஒரு தலைப்பு இல்லை.

விந்தை என்னவெனில், சட்டம் அந்த நேரத்தை ஏற்கெனவே வழங்கியிருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆசிரியரின் பணி நேரம் தயாரிப்பு நேரம் உள்பட வாரத்துக்கு 45 மணி என்று குறிப்பிடுகிறது. 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 நாள்களில் 1,000 மணி நேரம் கற்பிக்க வேண்டும் என்கிறது அதே அட்டவணை. வாரத்துக்கு ஆறு வேலை நாள்கள் என்று கொண்டாலும் கற்பித்தல் 27 மணி நேரத்துக்குச் சற்று மேல். எஞ்சுவது ஏறத்தாழ 17 மணி நேரம். பின்னப் பாடத்துக்கான துண்டுத் தாள்களை அடுக்கவும், விடியோவைப் பார்த்து நிறுத்துமிடம் குறிக்கவும் உரிய நேரம் அது.

அந்த 17 மணி நேரம் எங்கே போகிறது என்பதை எந்த அரசுப் பள்ளி ஆசிரியரும் சொல்வார். வருகைப் பதிவு ஒரு செயலியில். மதிய உணவுக் கணக்கு மற்றொன்றில். மாணவர் விவரம் வேறொரு தளத்தில். பயிற்சி முடித்ததற்கான சான்றிதழ் இன்னொன்றில். கற்பித்தலை எளிதாக்க வந்த தொழில்நுட்பம், ஆசிரியரைத் தரவுப் பதிவாளராக்கியதுதான் இருபது ஆண்டுகளில் நடந்த உண்மையான மாற்றம் என்று ஆசிரியர் சங்கங்கள் குறைகூறினால், அதை வெறும் தொழிற்சங்கப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர்த்த பிற பணிகளில் ஆசிரியர்களை ஈடுபடுத்த அச்சட்டத்தின் 27-ஆவது பிரிவு தடை விதிக்கிறது. விலக்களிக்கப்பட்ட பணியே மாதக்கணக்கில் நீள்வதும் உண்டு. 2025 நவம்பரில் 12 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிர திருத்தத்தில், வீடு வீடாகச் சென்ற வாக்குச்சாவடி நிலை அலுவலர்களில் கணிசமானோர் ஆசிரியர்கள்.

ஓர் ஆசிரியரை மட்டுமே கொண்டு இயங்கும் பள்ளிகள் 2024-25-இல் 1,04,125. ஐந்து வகுப்புகளையும் ஒருவரே நடத்தும் இடத்தில், ஒரு குழுவைக் கணினியிடம் ஒப்படைத்துவிட்டு மற்றொரு குழுவுடன் அமரும் முறை வேறெங்கையும்விட அதிகமாகத் தேவைப்படுகிறது. அதைத் தயாரிக்க நேரமே இல்லாதவரும் அவர்தான்.

2024-ஆம் ஆண்டின் "ஏசர்" ஊரக ஆய்வில், அரசுப் பள்ளிகளின் 5-ஆம் வகுப்பு மாணவர்களில் 2-ஆம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 44.8 சதவீதத்தினர். 2022-இல் இருந்த 38.5 சதவீதத்தைவிட இது மேல் என்றாலும், பாதிக்கு மேற்பட்டோர் இன்னும் வெளியே நிற்கின்றனர். இந்த நிலையில், 2026-27 கல்வியாண்டு முதல் 3-ஆம் வகுப்பிலிருந்தே செயற்கை நுண்ணறிவும் கணினிச் சிந்தனையும் கற்பிக்கப்படும் என்று மத்திய கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. கையேடுகள், மின் பாடப்பொருள்கள், "நிஷ்டா" வழியாக ஆசிரியர் பயிற்சி ஆகியவை அந்த அறிவிப்பில் இடம்பெற்றன. இந்தப் பாடங்களுக்காக ஆசிரியர் தயாராக வேண்டிய மணி நேரத்தை, சட்டம் சொன்ன 45 மணி நேரத்துக்குள் எந்தப் பணியைக் குறைத்துப் பெறுவது என்பதை மாநிலக் கல்வித் துறைகள்தான் இனி முடிவு செய்தாக வேண்டும்.